படை யாருடையது? பிரிட்டிஷ் முடியாட்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு நடத்துகிறேன். பிரிட்டன் பாடம் வந்தாலே ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் வரும், கேட்கிற முகம்தான் மாறும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதிலும் சேர்த்திருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பிரிட்டிஷ் பழமைவாதிகள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது என்று நினைப்பவன் நான். அதற்காக அவர்கள் சறுக்கிய இடங்களை மறைக்கவில்லை.

ராஜாவுக்கு உண்மையில என்ன அதிகாரம் இருக்கு? சும்மா பொம்மைதானே சார்?

சட்டப்படி எல்லாமே அவர் பெயரில்தான். நாடாளுமன்றத்தைக் கூட்டுவது, கலைப்பது, பிரதமரை நியமிப்பது, மசோதாவுக்கு ஒப்புதல் தருவது, போர் அறிவிப்பது எல்லாம். நடைமுறையில் அமைச்சர்கள் சொல்கிறபடிதான் செய்வார். மசோதாவுக்கு ஒப்புதல் மறுத்த கடைசி ஆட்சியாளர் ராணி ஆன், 1708-ல். ஸ்காட்லாந்தில் உள்ளூர்ப் படை அமைக்கும் மசோதா அது. அதைக்கூட அவருடைய அமைச்சர்களே வேண்டாம் என்றதால்தான் மறுத்தார். ஒரு அரசாங்கத்தைத் தன் விருப்பப்படி வீட்டுக்கு அனுப்பிய கடைசி மன்னர் நான்காம் வில்லியம். 1834-ல் அவர் அனுப்பிவைத்த மெல்போர்ன் பிரபு, அடுத்த வருஷமே திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? 1867-ல் அரசியல் எழுத்தாளர் வால்டர் பாஜட் எழுதிவைத்த மூன்று உரிமைகள்: ஆலோசனை கேட்கப்படுவது, ஊக்கம் கொடுப்பது, எச்சரிப்பது. பிரதமர் வாரம் ஒருமுறை போய் மன்னரைப் பார்ப்பார், குறிப்பெடுக்க ஆள் கிடையாது. எழுபது வருஷம் ஆண்ட இரண்டாம் எலிசபெத், சர்ச்சில் தொடங்கி லிஸ் டிரஸ் வரை பதினைந்து பிரதமர்களைப் பார்த்தவர். அப்படிப்பட்டவர் "இது முன்னாலேயே ஒருதரம் நடந்திருக்கிறது" என்று சொன்னால், காதில் வாங்காமல் எழுந்து போவது அவ்வளவு சுலபமில்லை.

அப்படின்னா ஒரு ஜனாதிபதியை வெச்சுக்கலாமே? பரம்பரை எதுக்கு?

வைத்துப் பார்த்துவிட்டார்கள். 1649 ஜனவரி 30-ல் முதலாம் சார்லஸின் தலையை வெட்டிவிட்டுக் குடியரசு அறிவித்தார்கள். 1653-ல் ஆலிவர் குரோம்வெல் 'காப்பாளர்' என்ற பட்டத்தோடு உட்கார்ந்தார். 1655-ல் நாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து மேஜர் ஜெனரல்கள் பொறுப்பில் விட்டார். குதிரைப் பந்தயம், சேவல் சண்டை எல்லாவற்றுக்கும் தடை. ராணுவ அதிகாரி வந்து ஊர் ஒழுக்கத்தைச் சரிபார்க்கும் ஆட்சி. 1658-ல் அவர் இறந்தபோது பதவிக்கு வந்தது யார் தெரியுமா? அவருடைய மகன். பரம்பரையை ஒழித்த கதை இப்படி முடிந்தது. மகனால் ஒரு வருஷம்கூடத் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1660-ல் இரண்டாம் சார்லஸை அவர்களே கூப்பிட்டு அரியணையில் ஏற்றினார்கள்.

பழமைவாதிகள் இதிலிருந்து எடுத்துக்கொண்டது இதுதான்: உச்சி இடம் காலியாக இருந்தால் வாள் வைத்திருப்பவன் வந்து உட்காருவான். ஆகவே அதிகாரம் இல்லாத ஒருவரை அங்கே நிரந்தரமாக உட்காரவை. பிரதமர் எவ்வளவு பெரிய வெற்றி பெற்றாலும் நாட்டின் முதல் மனிதர் ஆக முடியாது. நம் ஜனாதிபதியும் அப்படித்தானே என்பீர்கள். ஓரளவு உண்மை. ஆனால் நம் ஜனாதிபதியைக் கட்சிகள்தான் கொண்டுவருகின்றன. பிரிட்டிஷ் மன்னர் எந்தக் கட்சிக்கும் கடன்பட்டவர் இல்லை. இதே ஏற்பாடு எல்லா நாட்டுக்கும் சரிப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே அது மண்ணில் வேர் பிடித்துவிட்டது, அவ்வளவுதான்.

ராணுவம் யாருக்குச் சொந்தம்? ராஜாவுக்கா, பிரதமருக்கா?

சத்தியம் மன்னருக்கு. கட்டளை அமைச்சர்களிடமிருந்து. சம்பளம் நாடாளுமன்றத்திடமிருந்து. இந்த மூன்றும் ஒரே கையில் சேரக் கூடாது என்பதுதான் மொத்த ஏற்பாட்டின் உயிர்நாடி. சத்தியம் வாங்கிக்கொள்பவரால் படையை ஏவ முடியாது. ஏவுகிறவருக்கு யாரும் சத்தியம் செய்வதில்லை. "என் படை" என்று ஒரு பிரதமர் மேடையில் சொன்னால் லண்டனில் சிரிப்பார்கள்.

இதற்கு 1689 உரிமைச் சட்டம்தான் அடிப்படை. இரண்டாம் ஜேம்ஸ் சமாதான காலத்தில் பெரிய படையை வைத்துக்கொண்டு பயமுறுத்தியதால், நாடாளுமன்றத்தின் சம்மதம் இல்லாமல் அமைதிக் காலத்தில் நிலைப்படை வைப்பது சட்டவிரோதம் என்று எழுதிவிட்டார்கள். அதன் வாரிசு இன்றும் இருக்கிறது. 2006 ஆயுதப்படைச் சட்டத்தை ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2011, 2016, 2021 என்று புதுப்பித்தார்கள். புதுப்பிக்காமல் விட்டால் படையின் ஒழுங்குச் சட்டமே காலாவதியாகிவிடும். குரோம்வெல்லை அவர்கள் இன்னும் மறக்கவில்லை.

அரண்மனை வாசல்ல கரடித்தொப்பி போட்டு நிக்கிறவங்க நிஜ சிப்பாய்களா?

நிஜமான காலாட்படை வீரர்கள். 1982-ல் அர்ஜென்டினாவோடு நடந்த ஃபாக்லாந்து போரில் டம்பிள்டவுன் மலையைப் பிடித்தது ஸ்காட்ஸ் கார்ட்ஸ். அதே போரில் 'சர் கலஹாட்' கப்பல் குண்டு வீச்சில் எரிந்தபோது இறந்த 48 பேரில் 32 பேர் வெல்ஷ் கார்ட்ஸ். சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுக்கும் அதே படைப்பிரிவுகள்தான்.

எந்தப் பிரிவு என்று தெரிய வேண்டுமானால் சிவப்புக் கோட்டின் பொத்தான்களைப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சம இடைவெளியில் இருந்தால் கிரனேடியர், இரண்டிரண்டாக இருந்தால் கோல்ட்ஸ்ட்ரீம், மும்மூன்றாக ஸ்காட்ஸ், நான்கு நான்காக ஐரிஷ், ஐந்தைந்தாக வெல்ஷ். எனக்குப் பிடித்தது கோல்ட்ஸ்ட்ரீம். 1650-ல் ஜார்ஜ் மங்க் என்ற தளபதியின் கீழ் குரோம்வெல்லின் புரட்சிப் படையில் உருவானது அது. மன்னரைக் கொன்ற தரப்பின் படை! பத்து வருஷம் கழித்து, ஸ்காட்லாந்து எல்லையிலுள்ள கோல்ட்ஸ்ட்ரீம் ஊரிலிருந்து மங்க் அதை லண்டனுக்கு நடத்திப் போய் மன்னர் திரும்பி வர வழி செய்தார். 1661 பிப்ரவரி 14-ல் டவர் ஹில்லில் அணிவகுத்து, ஆயுதங்களைக் கீழே வைத்துப் புரட்சிப் படையாகக் கலைந்தார்கள். அதே இடத்தில் அதே ஆயுதங்களை எடுத்து மன்னரின் காவலர்கள் ஆனார்கள். படைப்பிரிவையும் கலைக்காமல், ஆட்களையும் தண்டிக்காமல், விசுவாசத்தை மட்டும் மாற்றிக்கொண்ட விதம் இருக்கிறதே, அதுதான் பிரிட்டிஷ் பழமைவாதம். 1656-ல் பிறந்த கிரனேடியருக்கு வரிசையில் முதலிடம் கொடுத்துவிட்டார்கள், வயதில் மூத்த கோல்ட்ஸ்ட்ரீமுக்கு அடுத்த இடம். அவர்களும் சளைக்காமல் 'யாருக்கும் இரண்டாவது அல்ல' என்பதைக் குறிச்சொல்லாக வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அணிவகுப்பில் கிரனேடியருக்குப் பக்கத்தில் நிற்பதில்லை, வரிசையின் இடது கோடியில் போய் நிற்பார்கள்.

இவ்வளவுக்கும் மக்கள் வரிப்பணம்தானே செலவாகுது?

ஆகிறது. 2025-26-க்கு அரச மானியம் 132.1 மில்லியன் பவுண்டு. பக்கிங்ஹாம் அரண்மனைச் சீரமைப்புச் செலவும் அதில் அடக்கம். மூன்றாம் ஜார்ஜ் 1760-ல் அரச நிலங்களின் வருமானத்தை அரசாங்கத்திடம் விட்டுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் ஒரு பங்கைக் கணக்கிட்டுத்தான் மானியம் தருகிறார்கள். சுற்றுலாவால் லாபம் என்று சிலர் வாதாடுவார்கள். அது பலவீனமான வாதம். வெர்சாய் அரண்மனைக்கும் கூட்டம் வருகிறது, அங்கே மன்னர் இல்லை.

பழமைவாதம்னா பழசு எல்லாம் நல்லதுன்னு சொல்றதுதானே?

இல்லை. இதன் தந்தை என்று சொல்லப்படும் எட்மண்ட் பர்க், டோரி கட்சிக்காரரே (இன்றைய கன்சர்வேட்டிவ் கட்சியின் முன்னோடி) கிடையாது, அதற்கு எதிர்த்தரப்பான விக் கட்சிக்காரர். அமெரிக்கக் குடியேற்ற மக்களின் குறைகளுக்காகப் பேசியவர், பிரெஞ்சுப் புரட்சியை 1790-லேயே எதிர்த்தவர். இரண்டும் முரண்பாடு இல்லை. வழிவழியாக வந்த உரிமையை லண்டனில் உட்கார்ந்துகொண்டு ஒரு அமைச்சர் பறித்தாலும் தப்பு, பாரிஸில் ஒரு கூட்டம் ஒரே நாளில் துடைத்து எறிந்தாலும் தப்பு.

நமக்கு நெருக்கமான உதாரணம் 1785 பிப்ரவரி 28-ல் அவர் பேசிய ஆற்காடு நவாப் கடன் பற்றிய உரை. நவாப் முகமது அலிக்குக் கடன் கொடுத்ததாகச் சொல்லிக் கம்பெனி ஆட்கள் பெரிய பெரிய தொகைக்குப் பத்திரம் வைத்திருந்தார்கள். அதை விசாரணை இல்லாமல் கர்நாடகத்தின் (நவாப் ஆண்ட பகுதி, இன்றைய கர்நாடக மாநிலம் அல்ல) வருவாயிலிருந்து அடைக்க அரசு ஒப்புக்கொண்டதை பர்க் கிழித்துத் தொங்கவிட்டார். அந்த உரையில் நம் ஏரிகளைப் பற்றிப் பேசுகிறார். கர்நாடகத்திலும் தஞ்சையிலும் பெரியதும் நடுத்தரமுமாகப் பத்தாயிரத்துக்குக் குறையாத ஏரிகள் இருக்கும், குடிமக்களுக்குத் தந்தையாக இருந்த மன்னர்கள் பின்வரும் தலைமுறைகளுக்கு விட்டுச்சென்றவை அவை என்கிறார். முன்னோர் வெட்டிய ஏரியைத் தூர்வாரலாம், கரையை உயர்த்தலாம், விற்றுத் தின்னக் கூடாது. பர்க்கின் அரசியலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மாற்றம் செய்த பழமைவாதிகள் பட்டியலும் பெரிது. 1829-ல் கத்தோலிக்கர்களுக்கு நாடாளுமன்றக் கதவைத் திறந்தது வாட்டர்லூவை வென்ற வெலிங்டன் பிரபு. அதற்காகப் பழித்துப் பேசிய வின்சில்சி பிரபுவோடு, பிரதமராக இருந்துகொண்டே துப்பாக்கிச் சண்டைக்குப் போனார். 1867-ல் நகரத் தொழிலாளர்களுக்கு வாக்குரிமை கொடுத்தது டிஸ்ரேலியின் கைவண்ணம்.

ராஜ குடும்பத்து ஆளுங்க நிஜமா சண்டைக்குப் போயிருக்காங்களா, இல்ல மெடல் மட்டும்தானா?

போர்க்களத்தில் படையை நேரடியாக நடத்திய கடைசி பிரிட்டிஷ் மன்னர் இரண்டாம் ஜார்ஜ், 1743-ல் டெட்டிங்கனில். ஆறாம் ஜார்ஜ் இளவரசராக இருந்தபோது 1916 ஜட்லாண்ட் கடற்போரில் 'காலிங்வுட்' கப்பலில் இருந்தார். பின்னாளில் இரண்டாம் எலிசபெத்தின் கணவரான பிலிப் 1941-ல் மடபான் முனைப் போரில் கலந்துகொண்டார். அவர்களுடைய மகன் ஆண்ட்ரூ ஃபாக்லாந்தில் ஹெலிகாப்டர் ஓட்டினார், பேரன் ஹாரி ஆப்கானிஸ்தானுக்கு இரண்டு முறை போனார். இரண்டாம் எலிசபெத் 1945-ல் ராணுவத்தின் பெண்கள் பிரிவில் லாரி ஓட்டவும் என்ஜின் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்.

போகாமல் இருந்ததுதான் இன்னும் சுவாரசியம். 1944 ஜூனில் நார்மண்டித் தரையிறக்கத்தை 'பெல்ஃபாஸ்ட்' போர்க்கப்பலில் இருந்து பார்க்க சர்ச்சில் கிளம்பினார். "அப்படியானால் நானும் வருகிறேன்" என்றார் ஆறாம் ஜார்ஜ். மன்னரின் செயலாளர் லாசெல்ஸ் பதறிப்போய் மன்னரைத் தடுத்தார். அப்புறம் மன்னர் சர்ச்சிலுக்குக் கடிதம் எழுதினார். சர்ச்சில் அசையவில்லை. ஜூன் 2-ல் இன்னொரு கடிதம்: நான் உங்களைவிட இளையவன், மாலுமி, முப்படைக்கும் தலைவன், நானே வீட்டில் இருக்கச் சம்மதித்துவிட்டேன், நான் செய்ய ஆசைப்பட்டதை நீங்கள் செய்வது நியாயமா என்ற பொருளில். பாதுகாப்பு அமைச்சர் என்ற முறையில் போகத் தனக்கு உரிமை உண்டு என்று முணுமுணுத்துக்கொண்டே சர்ச்சில் விட்டுக்கொடுத்தார். கட்டளை இல்லை, தடையாணை இல்லை. முதல் பதிலில் சொன்ன 'எச்சரிக்கும் உரிமை' வேலை செய்யும் விதம் இது.

ஹிட்லரை ஜெயிச்ச சர்ச்சிலையே 1945-ல தோக்கடிச்சாங்களே, நன்றி கெட்டவங்களா?

எனக்கு இது நன்றிகெட்டதனமாகத் தெரியவில்லை. ஜூலை 5-ல் வாக்களித்து, வெளிநாட்டிலிருந்த படைவீரர்களின் வாக்குகளுக்காகக் காத்திருந்து, 26-ல் எண்ணினார்கள். தொழிற்கட்சிக்கு 393 இடங்கள். மக்கள் சர்ச்சிலுக்குக் கை தட்டினார்கள், வீடும் வேலையும் மருத்துவமும் கேட்டு தொழிற்கட்சித் தலைவர் அட்லிக்கு வாக்களித்தார்கள். சர்ச்சிலும் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டார். ஐந்து வருஷம் தன்னோடு போர் அமைச்சரவையில் உட்கார்ந்திருந்தவர்களின் சோஷலிசத்துக்கு ஒருவித கெஸ்டபோ (ஹிட்லரின் ரகசியப் போலீஸ்) தேவைப்படும் என்று வானொலியில் பேசினார். அது எடுபடவில்லை.

போரில் வென்ற நாடுகளின் தலைவர்கள் கூடிய பாட்ஸ்டாம் மாநாட்டின் நடுவில் பிரதமர் மாறினார். வெற்றி பெற்ற படை ஒன்றும் முணுமுணுக்கவில்லை. அவர்கள் சத்தியம் செய்தது சர்ச்சிலுக்கு இல்லையே.

போருக்குப் போக நாடாளுமன்றம் ஓட்டுப் போடணுமா?

சட்டப்படி வேண்டாம், அது மன்னர் பெயரில் அமைச்சர்கள் செலுத்தும் அதிகாரம். 2003-ல் ஈராக் போருக்கு முன் டோனி பிளேர் வாக்கெடுப்பு வைத்தார், 412-க்கு 149 என்று ஜெயித்தார். 2013-ல் சிரியா விஷயத்தில் கேமரூன் 285-க்கு 272 என்று தோற்று, பின்வாங்கினார். 2018-ல் தெரசா மே வாக்கெடுப்பே இல்லாமல் சிரியாவில் குண்டு போட்டுவிட்டு வந்து பதில் சொன்னார். என் சாய்வு மூன்றாவது முறை பக்கம். முன்கூட்டியே வாக்களித்துவிட்டால் உறுப்பினர்களும் பங்காளி ஆகிவிடுகிறார்கள், பிறகு யார் யாரை விசாரிப்பது? ஈராக்கில் நடந்தது அதுதான்.

ஃபாக்லாந்து போர் தாட்சர் தேர்தலுக்காக நடத்தினதுதானே?

தொடங்கியது அர்ஜென்டினாவின் ராணுவ ஆட்சி. 1982 ஏப்ரல் 2-ல் தீவுகளைப் பிடித்தார்கள். மூன்றாம் நாள் பிரிட்டிஷ் கப்பல்கள் கிளம்பின, ஜூன் 14-ல் சரணடைவு. பிரிட்டிஷ் தரப்பில் 255 பேர், அர்ஜென்டினா தரப்பில் 649 பேர், தீவுவாசிகள் மூன்று பேர் இறந்தார்கள். அடுத்த வருஷத் தேர்தலில் அது தாட்சருக்கு உதவியது உண்மை. ஆனால் தேர்தல் கணக்குப் போட்டவர் செய்கிற காரியமா இது? தோற்றிருந்தால் அந்த வாரமே பதவி போயிருக்கும்.

அவரைக் குறை சொல்ல வேண்டிய இடம் வேறு. 1981-ல் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், தென் அட்லாண்டிக்கில் இருந்த 'எண்டியூரன்ஸ்' கப்பலைத் திரும்பப் பெற முடிவு செய்தார். 'இன்வின்சிபிள்' விமானந்தாங்கியை ஆஸ்திரேலியாவுக்கு விற்கவும் பேச்சு நடந்தது. எதிரி அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். இது ஒருமுறை நடந்த தவறும் இல்லை. 2010-ல் கேமரூன் அரசு ஹாரியர் விமானங்களை ஒழித்தது, 2021-ல் ஜான்சன் அரசு தரைப்படையை 72,500-ஆகக் குறைக்கத் திட்டமிட்டது. படையைப் பற்றி மேடையில் உருகும் கட்சிதான் படையை அதிகம் வெட்டியது என்பதை அந்தக் கட்சி அனுதாபிகள் ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்.

2019-ல நாடாளுமன்றத்தை மூடச் சொன்னப்போ ராணி ஏன் தடுக்கல? அப்ப அவங்க எதுக்கு?

பிரெக்ஸிட் நெருக்கடி நடுவில் போரிஸ் ஜான்சன் ஐந்து வாரம் நாடாளுமன்றத்தை ஒத்திவைக்கச் சொன்னார். ராணி ஒப்புதல் கொடுத்தார். செப்டம்பர் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாக அது செல்லாது என்றார்கள். ராணி மறுத்திருந்தால் பாதி நாட்டுக்கு அவர் எதிர்க்கட்சி ஆகியிருப்பார், முதல் இரண்டு பதில்களில் சொன்ன ஏற்பாடே உடைந்திருக்கும். இதில் தவறு பிரதமருடையது. மன்னரை அப்படி ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்தாமல் இருப்பது பழமைவாதியின் முதல் கடமை, அதை ஒரு கன்சர்வேட்டிவ் பிரதமரே மீறினார்.

சுதந்திரத்துக்கு அப்புறமும் நமக்கு ராஜா இருந்தாராமே, உண்மையா?

உண்மை. 1950 ஜனவரி 26 வரை ஆறாம் ஜார்ஜ்தான் சட்டப்படி இந்தியாவின் மன்னர். அவருடைய பிரதிநிதியாக, கடைசி கவர்னர் ஜெனரலாக இருந்தவர் நம் ராஜாஜி. இலங்கைக்கு இன்னும் நீண்டது, 1972-ல் குடியரசு ஆகும்வரை இரண்டாம் எலிசபெத்தான் அங்கே ராணி.

நம்மளை அடிமையா வெச்சிருந்தவங்களைப் போய்ப் புகழ்றீங்களே, உங்களுக்கே நியாயமா படுதா?

நியாயமான கோபம். 1919 ஜாலியன்வாலா பாக் படுகொலைக்குப் பிறகு ஜெனரல் டயருக்காக 'மார்னிங் போஸ்ட்' என்ற பழமைவாதப் பத்திரிகை 26,000 பவுண்டு வசூலித்துக் கொடுத்தது. பிரபுக்கள் சபை டயருக்கு ஆதரவாக வாக்களித்தது. மக்கள் சபையில் டயரை எழுந்து கண்டித்தது, அன்று போர் அமைச்சராக இருந்த சர்ச்சில். அதே சர்ச்சிலின் அமைச்சரவைதான் 1943 வங்காளப் பஞ்சத்தில் தானியக் கப்பல் கேட்டபோது போதிய அளவு தராமல் விட்டது. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கமும் உண்டு.

நான் அவர்களை அவர்களுடைய சொந்த அளவுகோலால்தான் அளக்கிறேன். 1806 வேலூரை எடுத்துக்கொள்ளுங்கள். தளபதி கிராடக்கின் ராணுவம் சிப்பாய்களின் திருநீறையும் நாமத்தையும் அழிக்கச் சொன்னது, கடுக்கனைக் கழற்றச் சொன்னது, தோல் பட்டை வைத்த புதுத் தலைப்பாகையை மாட்டச் சொன்னது. ஜூலை 10 விடியலுக்கு முன் கோட்டைக்குள் சிப்பாய்க் கலகம் வெடித்தது. கிராடக், கவர்னர் பென்டிங்க் இருவரையும் லண்டன் திரும்ப அழைத்துக்கொண்டது. வழக்கத்தை மதி என்று தன் நாட்டில் சொன்னவர்கள் அடுத்தவன் நாட்டில் அதைக் காலில் போட்டு மிதித்தார்கள். பர்க் இருந்திருந்தால் இதைத்தான் முதலில் கேட்டிருப்பார்.

சத்தியம் ராஜாவுக்கு, உத்தரவு அரசாங்கத்தோடது. ரெண்டும் மோதினா படை யார் பக்கம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. 1914-ல் கிட்டத்தட்ட அது நடந்தது, நடத்தியது பழமைவாதிகள். அயர்லாந்துக்குத் தன்னாட்சி தர அஸ்க்வித்தின் லிபரல் அரசு மசோதா கொண்டுவந்தது. வடக்கே அல்ஸ்டரில் ஆயுதம் ஏந்தி எதிர்ப்போம் என்றார்கள். கன்சர்வேட்டிவ் தலைவர் போனர் லா அவர்களுக்குத் துணை நின்றார். அமைச்சர்களை நீக்கும் வழியும் இருக்கிறது என்று ஐந்தாம் ஜார்ஜை நெருக்கினார். மூன்றாவது பதிலில் சொன்ன படைச் சட்டம் அப்போது வருஷா வருஷம் புதுப்பிக்கப்பட்டது. அதைப் பிரபுக்கள் சபையில் திருத்தி, அல்ஸ்டரில் படையைப் பயன்படுத்த முடியாமல் செய்யலாமா என்றுகூட யோசித்தார், பிறகு கைவிட்டார்.

மார்ச் 20-ல் டப்ளினில், அயர்லாந்திலிருந்த படையின் தளபதி பேஜட் தன் உயர் அதிகாரிகளைக் கூப்பிட்டு அல்ஸ்டருக்கு எதிராகப் போகச் சம்மதமா, இல்லை பதவி நீக்கமா என்று கேட்டார். இப்படி ஒரு கேள்வியைச் சிப்பாயிடம் கேட்கவே கூடாது. டப்ளினுக்கு அருகே கரா முகாமிலிருந்த குதிரைப்படைத் தளபதி ஹூபர்ட் கஃப்பும் ஐம்பதுக்கும் மேற்பட்ட அதிகாரிகளும் பதவி நீக்கமே பரவாயில்லை என்றார்கள். மன்னருக்கு விஷயம் பத்திரிகை பார்த்துத்தான் தெரிந்தது, கொதித்துப்போனார். போர் அமைச்சர் சீலி, அமைச்சரவையைக் கேட்காமல் அதிகாரிகளுக்கு எழுத்தில் உறுதி கொடுத்து மாட்டிக்கொண்டு ராஜினாமா செய்தார், அந்த இலாகாவை அஸ்க்வித் தானே எடுத்துக்கொண்டார்.

ஐந்தாம் ஜார்ஜ் என்ன செய்தார்? யாரையும் நீக்கவில்லை, படைக்கு எதுவும் சொல்லவில்லை. ஜூலையில் இரு தரப்புக் கட்சித் தலைவர்களையும் பக்கிங்ஹாம் அரண்மனைக்கு வரவழைத்துப் பேசவைத்தார். நான்கு நாள் பேசியும் முடிவு வரவில்லை. அடுத்த மாதம் ஜெர்மனியோடு போர் தொடங்கியது. அயர்லாந்து மசோதாவுக்குச் செப்டம்பர் 18-ல் ஒப்புதல் கொடுத்தார், நடைமுறைக்கு வருவதைத் தள்ளிவைக்கும் இன்னொரு சட்டத்தோடு சேர்த்து. கஃப்பும் அவருடைய அதிகாரிகளும் அதற்குள் பிரான்சில் போர் முனையில் இருந்தார்கள்.